டொபியும் அத்தானின் குரும்பட்டியும்

இன்று காலை வந்தாறுமூலையில், என் மாமி வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். முதல் மிடறு இறங்குவதற்குள் ஒரு மணம் வந்தது. என்ன மணம் என்று விளக்க மாட்டேன். நாய்க்குட்டி வளர்த்தவர்களுக்குத் தெரியும், வளர்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மணத்துக்குப் பின்னால் குட்டி வந்தது, தான் வெளிக்கிருந்ததைத் தானே வாயில் கவ்விக்கொண்டு. அதற்குப் பின்னால் என் மனைவியின் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவன், மீசையெல்லாம் வைத்த ஆள். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் விளக்குமாறோடு வந்தான்.

"போடு கீழ. போடு எண்டு சொல்றன் உனக்கு."

குட்டி கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றியது. அவனும் சுற்றினான். நின்று திரும்பி அவனைப் பார்த்தது. கிட்டப் போனதும் மறுபடி ஓடியது.

குசினிக்குள் இருந்து மாமி தலையை நீட்டினா. "மருமகன், சும்மா இரிக்கீங்களே. இதுக்கு ஒரு வழி சொல்லுங்களன்."

எனக்கு வழி தெரியும். ஆனால் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு இருந்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். அதற்கு முதலில் செட்டிபாளையத்துக்கு வர வேண்டும். வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்று இன்னும் வாய் சொல்லுகிறது பாருங்கள். அது அக்காவின் வீடு.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போகமாட்டாள். வீடு அவளுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். கூடப்பிறந்த ஆண்பிள்ளையோ, தனக்கொரு பெண்ணும் அவளுக்கொரு வீடும் வாய்க்கும்வரை, பிறந்த வீட்டிலேயே சுருங்கிச் சுருங்கி இருப்பான். தோய்த்த புதுச் சட்டை மாதிரி. முதல் நாள் அறை போகும். அடுத்தது மின்காற்றாடி போகும். பிறகு ஒரு நாள் மத்தியானம் கொடுவா மீன் தலை போகும்.

கொடுவாத் தலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா காலமான பிறகு, மீனாணச் சட்டிக் குழம்பில் அந்தத் தலை எனக்கென்றே கொதிக்கும். அக்காவைக் கட்டிய அத்தான் கதிரவெளியில் இருந்து வந்து சேர்ந்த கிழமை, சோற்றுக் கோப்பையைப் பார்க்கிறேன், வால் கிடக்கிறது.

"அம்மா, தலை எங்க?"

"அத்தானுக்குப் போட்டுட்டன் மனே. அவர் வந்த ஆளெல்லோ."

"அப்ப நான் ஆரு?"

"நீ இருக்கிற ஆள். வாலும் ருசிதான், தின்."

அத்தான் கெட்டவர் என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். குடித்தால், கத்தினால், அக்காவுக்கு அடித்தால் நானும் நாலு பேரிடம் சொல்லி மனம் ஆறியிருப்பேன். மனிதர் ஒன்றும் செய்யமாட்டார். ஐஸ் பெக்டரியில் பின்னேர வேலை. காலையில் முற்றத்துக் கதிரையில் குந்தினால் மத்தியானம் வரைக்கும் அப்படியே இருப்பார். பேசவும் மாட்டார். ஐஸுக்குப் பக்கத்தில் நின்று நின்று ஆள் உறைந்துபோனார் என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்தால், அம்மா அந்த உறைந்த ஆளுக்கு மாம்பழம் வெட்டிக்கொண்டிருப்பா.

எனக்கென்று ஒரு சாமான் வேண்டும் என்ற வெறி அப்போதுதான் பிடித்தது. அத்தானுக்குப் போகாத ஒரு சாமான். பத்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம், இரண்டு பேரும் அழவில்லை. அதன் பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் வேலை. அங்கே இரும்புக் கம்பிகள் அடுக்கிய மூலைக்குள் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. அதில் டொபி மிட்டாய் நிறத்தில் ஒன்று, வயிறு மட்டும் வெள்ளை. சட்டைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வழியில் எதைத் தாண்டினேன் என்று நினைவில் இல்லை, களுதாவளைக்குக் கிட்ட வரும்போது வயிற்றில் ஒரு சூடு இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. மூத்திரம். ஆனாலும் அன்றைக்கு நான் விசில் அடித்துக்கொண்டுதான் வந்தேன்.

"இதென்னடா இது?" அக்கா கேட்டா.

"டொபி. இது அத்தானுக்கில்ல, எனக்கு."

அக்கா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினா. அவவுக்கு அப்போது மாதம் தள்ளியிருந்த நேரம். வெங்காயம் தாளித்தாலே குமட்டும். நான் கொண்டுவந்ததோ நாய்க்குட்டி.

டொபியின் விளையாட்டு கொஞ்ச நாளில் தொடங்கியது. இருந்து முடித்ததும் திரும்பி அதை மோந்து பார்க்கும். ஒரு தட்டுத் தட்டும். உருண்டால் பாய்ந்து பிடிக்கும். பிறகு வாயில் எடுத்து மேலே எறிந்து ஏந்தும். கிரிக்கெட் விளையாடுகிற பொடியன்கள் கூட அப்படி ஏந்தமாட்டார்கள். நான் கண்டால் கத்திக்கொண்டு ஓடுவேன். அது கவ்விக்கொண்டு ஓடும். முற்றம், பலாமரம், கோழிக்கூடு, மறுபடி முற்றம். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் முளைக்கும்.

என்ன செய்யவில்லை நான். மூக்கை அதில் வைத்து அழுத்து, வெட்கப்படும் என்றான் கடைக் கூட்டாளி. அழுத்தினேன். நான் தண்டனை என்று நினைத்தேன், அது விருந்து என்று நினைத்தது. மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன். தும்மியது, தலையை உதறியது, வேலையைத் தொடர்ந்தது. எங்கள் வீட்டு ஆணம் நக்கி வளர்ந்த நாய் உறைப்புக்கு நிற்குமா? விளக்குமாற்றால் நிலத்தில் அடித்தேன். விளக்குமாறும் விளையாட்டில் சேர்ந்துகொண்டது.

இதற்கிடையில் ஒரு நாள் மத்தியானத்தோடு வேலை விட்டு வருகிறேன், டொபி அத்தானின் கதிரைக்குக் கீழே, அவருடைய செருப்பில் தாடையை வைத்து நித்திரை. அத்தான் அதைத் தொடக்கூட இல்லை. சும்மா இருக்கிறார். சும்மா இருக்கிற ஆளிடம் போய் ஏன் இது படுக்க வேண்டும்? எனக்குக் காது சூடானது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே வாவிக்கரைக்குப் போனேன். இறால் உடைக்கிற பெண்களிடம் ஒரு பை நிறைய இறால் தலை வாங்கிவந்து, அவித்து, கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்து ஊட்டினேன். டொபி என்னைத் தவிர உலகத்தில் ஒருவரையும் தெரியாத மாதிரி வாலை ஆட்டியது. மறுநாளும் ஊட்டினேன். அதற்கு மறுநாளும்.

குட்டியின் வயிறு அதைத் தாங்கவில்லை. உள்ளே போனதில் பாதி அப்படியே வெளியே வந்தது, கோதும் மீசையுமாக. முன்பு அது வெறும் விளையாட்டுச் சாமான். இப்போது இறால் மணக்கும் விளையாட்டுச் சாமான். விடுமா? ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா விளக்கேற்றித் திரும்புகிறா, சாமியறை வாசலில் டொபி நிற்கிறது. வாயில் இருந்ததை அம்மாவின் காலடியில் பக்குவமாக வைத்தது. அக்கா பார்த்தா. அன்றைக்கு முழுக்க அவவால் ஒரு வாய் தண்ணீர் கூட வயிற்றில் வைக்க ஏலவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் பயம். "ஞாயிற்றுக்கிழமை வட்டைக்குப் போற அண்ணன் வருவார். உரப்பையில போட்டுக் குடுத்திருவன். வயல் காவலுக்கு நிக்கட்டும்."

"வட்டைல யானை வாற இடம் அம்மா. இவ்வளவு சின்னக் குட்டி என்னெண்டு நிக்கும்?"

"இது வாயில எடுத்துக்கிட்டு எதிர்க்கப் போனா யானை தன்ட பாட்டில திரும்பிரும்."

நான் சிரிக்கவில்லை. வேறு நேரம் என்றால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். அறை போனது, காற்றாடி போனது, தலை போனது, இதுவும் போனால் அந்த வீட்டில் என்னைக் கண்டு வாலாட்ட ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிறு காலை முழுக்க டொபியை விட்டு அசையவில்லை. ஒரு தரம் மூஞ்சி கழுவத்தான் போனேன். திரும்பினால் வாழைக்கு அருகில் வேலை முடிந்துவிட்டது, வாயிலும் வந்துவிட்டது. பாய்ந்தேன். அது பலாமரத்தைச் சுற்றியது. நானும் சுற்றினேன். வாசற்படிக்கு ஓடியது, நான் மறித்தேன், கோழிக்கூட்டுக்குத் திரும்பியது. வேலிக்கு மேலால் தலைகள். ஒழுங்கையில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது.

"மச்சான்." கதிரையில் இருந்து அத்தானின் குரல். "நில்லுங்க. ஓடாதீங்க."

"ஓடாம நிண்டா வீட்டுக்குள்ள கொண்டு போயிரும்."

"போகாது. நிண்டுதான் பாருங்களன்."

அவருடைய சொல்லுக்காக நான் நிற்கவில்லை. கால் ஏலாமல் நின்றேன். டொபியும் நின்றது. திரும்பிப் பார்த்தது. முன்னங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, வா வா என்று அழைத்தது. நான் போகவில்லை. இரண்டடி கிட்ட வந்து மறுபடி பார்த்தது. அதன் வால் மெல்ல நின்றது. வாயில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, மூக்கால் என் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டது.

அந்த நேரம் அத்தான், கதிரையால் எழும்பாமலே, தென்னையில் இருந்து விழுந்து கிடந்த குரும்பட்டி ஒன்றைக் காலால் உருட்டிவிட்டார். சின்ன, பச்சைக் குரும்பட்டி. அது மணலில் குதித்துக் குதித்து ஓடியது. டொபி பாய்ந்தது. கவ்வ ஏலாமல் வழுக்கி வழுக்கி ஓடியதைத் துரத்திக்கொண்டு போனது, பழைய சாமானை மறந்தேவிட்டது. அத்தான் பிறகுதான் எழும்பினார். சிரட்டையால் அள்ளி வாழையடியில் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பழையபடி குந்தினார்.

"அதுக்கு அது பெரிய சாமானில்ல மச்சான்," என்றார். "நீங்க ஓடி வாறதுதான் அதுக்கு விளையாட்டு."

கலியாணம் முடித்து வந்த பிறகு அவர் என்னோடு பேசிய ஆக நீளமான பேச்சு அது. நன்றி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "உங்களுக்கென்ன, நீங்க எழும்பாத ஆள், உங்களுக்கு எல்லாம் லேசு."

அவர் சிரித்தார். "ஓம், அதுவும் உண்மைதான்."

உரப்பையோடு வந்த அண்ணனுக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தா. "இன்னும் கொஞ்ச நாள் பாப்பம் அண்ணன். மருமகன் பழக்கி எடுக்கலாம் எண்டு சொல்றாரு." நான் அந்த இரண்டு நாளும் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தேன். மருமகன் இரண்டு வார்த்தைதான் சொன்னார். டொபிக்கு இடம் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. சந்தோசமாகவும் எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பழக்கும் வேலையில் வித்தை ஒன்றும் இல்லை. சோறு வைத்த கையோடு வாழையடிக்குக் கூட்டிப்போய் நிற்க வேண்டும். இருந்து முடித்த உடனே குட்டியை இந்தப் பக்கம் கூப்பிட்டு, ஒரு துண்டு கருவாடு கொடுத்து, அது தின்கிற நேரத்துக்குள் அள்ளிப் புதைக்க வேண்டும். பிறகு குரும்பட்டியை உருட்ட வேண்டும். தவறி வாயில் எடுத்துவிட்டால் ஒருவரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. இறால் தலை கண்ணிலும் காட்டக்கூடாது. கடைசிச் சட்டத்தை அத்தான் என்னைப் பார்க்காமல் சொன்னார். தெரிந்திருக்கிறது மனிதருக்கு.

ஆனால் டொபி சோறு தின்கிற நேரம் நான் வெல்டிங் கடையில் நெருப்புப் பொறிக்கு முன்னால். வீட்டில் நிற்பவர் அவர். வாழையடிக்குக் கூட்டிப்போனவர் அவர், கருவாடு கொடுத்தவர் அவர், குரும்பட்டி உருட்டியவர் அவர். மழைக்காலம் வருவதற்குள் டொபி சுத்தமான நாய். சுத்தமான, அத்தானுடைய நாய். நான் வந்தால் வாலை ஆட்டும், இல்லை என்று சொல்லவில்லை. படுத்தபடியே ஆட்டும்.

இப்போது நான் வந்தாறுமூலையில் வந்த ஆள். கொடுவாத் தலை என் கோப்பையில் விழுகிறது. எதிரே இருந்து என் மைத்துனன் அதைப் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. போன மாதம் செட்டிபாளையம் போனேன். டொபி வாசல் படலையில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. மோந்து பார்த்த பிறகுதான் நிறுத்தியது. அக்காவின் மகள், "மாமாடா டொபி, மாமா" என்று அதற்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள். பலாமரத்தை வெட்டி அந்த இடத்தில் அறை இறக்கியிருக்கிறார்கள். கோழிக்கூடு இல்லை. ஓடுவதென்றாலும் சுற்ற ஒன்றும் இல்லை.

மாமி மறுபடி கேட்டா, "மருமகன், சொல்லுங்களன் ஒரு வழி."

என் கதிரைக்குக் கீழே ஒரு குரும்பட்டி கிடந்தது. காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். மைத்துனன் வேர்த்து விறுவிறுத்து, சாரம் அவிழ, விளக்குமாற்றை எறிந்துவிட்டு வெறுங்கையோடு துரத்துகிறான். குட்டி கிணற்றடியில் நின்று திரும்பி அவனை மட்டும் பார்க்கிறது.

"நாளைக்குச் சொல்றன் மாமி," என்றேன். குரும்பட்டியைக் குதிக்காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டேன்.

எனக்காகத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடிய ஒன்று இருந்தது. நாற்றம் பிடித்ததுதான், ஆனாலும் அது எனக்கும் அதற்கும் மட்டுமான விளையாட்டு. நான்தான் நின்றேன், அதோடு அது முடிந்தது. இவனாவது இன்றைக்கு ஓடட்டும்.