ஏரிக்கு வந்த ஜிலேபி மீன்

பல்லாவரம் சந்தையில் மீன்காரப் பெண் ஒரு ஜிலேபி மீனை என் கையில் வைத்தாள். முதுகு முள் விரலில் சுருக்கென்று ஏறியது.

"பாத்துக்கா, உயிரோட கீது."

எழுபதுகளில் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி இருந்தது. பள்ளி ஆசிரியரான அப்பா, ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று இதன் குஞ்சுகளைப் பானையில் வாங்கிவந்து அதில் விட்டார். சில மழைக்காலங்களுக்குள் ஏரி முழுக்க அதுவே ஆகிவிட்டது.

பக்கத்துத் தெரு காசிம் பாய் தூண்டிலோடு வாசலில் வந்து நின்றார்.

"சார், நீங்க வுட்ட மீனு மத்த மீனு முட்டையெல்லாம் துன்னுட்ச்சு. வெரால், கெளுத்தி ஒண்ணும் ஆப்டல."

அப்பா அன்றிலிருந்து மாலைதோறும் ஏரிக்குப் போய் ஜிலேபிகளைப் பிடித்துப் பாய் வீட்டில் கொடுத்துவந்தார். ஏரியை அப்படியே சுத்தமாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒருநாள் பாயின் மனைவி தட்டு நிறைய வறுத்த மீனோடு வந்தார்.

"சார், புள்ளைங்க இப்ப இதைத்தான் கேக்குதுங்க. இது இல்லன்னா சோறே எறங்கல."

அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, நான் செஞ்சது நல்லதா, கெட்டதாம்மா?"

எட்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? முள் எடுத்து ஒரு துண்டை அவருக்கு ஊட்டினேன். மென்றபோது அவர் கண் கலங்கியது. ருசியாக இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்று எனக்கு அன்றைய அப்பாவைவிட வயது அதிகம். அவர் கேட்டதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. அரை கிலோ வாங்கிக்கொண்டேன்.