திருவிருந்துப் பாத்திரத்தில் எஸ்தர் வீட்டுத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்குச் சாயத் தண்ணீர் கொடுக்கப் பார்த்தேன். அதுவும் சர்ச்சில் வைத்து!

நல்லவேளை, யாரும் குடிக்கவில்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம் நான். அப்படிப்பட்டவனே இதைச் செய்தேன் என்றால்...

செவிலிமேட்டில் எங்கள் சர்ச் சின்னது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் எல்லோருக்கும் கொடுப்போம். அன்றைக்கு சுற்றுச்சூழல் ஞாயிறும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மண் தந்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. கமிட்டியில் இந்த யோசனையைச் சொல்லி எல்லோரிடமும் பாராட்டு வாங்கியவன் நான்தான். முருங்கைக்காய் வந்தது. பூசணி, பப்பாளி வந்தன. கமிட்டி சார்பில் இருபது மரக்கன்றுகள், பிளாஸ்டிக் கவரில்தான். வேறு எதில் தருகிறார்கள்?

திருவிருந்து மேஜையைத் தயார் செய்வதும் அன்று என் முறை. எங்கள் சபையில் திராட்சரசத்தைக் கடையில் வாங்குவதில்லை. ஒரு டீச்சரம்மா உலர்திராட்சையை ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவார். பாஸ்டர் அங்கி மாட்டும் அறையில் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். பாட்டிலுக்கு லேபிள் எல்லாம் கிடையாது.

அன்றும் மேஜைமேல் பாட்டில் இருந்தது. வெளிறிய சிவப்பு. டீச்சர் இந்த முறை தண்ணீரைத் தாராளமாக விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மூன்று நாளாக ஜலதோஷம் வேறு, வாசனை தெரியவில்லை. பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே முதல் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

அறை வாசலில் எஸ்தர் நின்றிருந்தார். எங்கள் பாடகர் குழுவில் பாடுபவர். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீடு, கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், இரண்டு பெண் பிள்ளைகள். அதிகம் பேசமாட்டார். என் கையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார், மேஜையில் இருந்த காலி பாட்டிலைப் பார்த்தார்.

"அண்ணா, அது ரசம் இல்லண்ணா. எங்க வூட்டு போர் தண்ணி."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பீடத்துக்கு முன்னால் வைக்கத்தான் கொண்டுவந்தாராம். மேஜை போட்டு முடிக்காததால் இந்த அறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "மண்ணு குடுத்தத எடுத்தாரச் சொன்னீங்க. எங்க மண்ணு இதத்தாண்ணா குடுக்குது" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

எஸ்தர் இரண்டு நிமிடம் கழித்து வந்திருந்தால்? முன்வரிசையில் கிட்னி ஆபரேஷன் செய்துகொண்டவர் இருக்கிறார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். யாராவது ஒரு வாய் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எஸ்தரிடமே புலம்பினேன்.

"ஒரு வாய்க்கே இவ்ளோ பயப்படறீங்க. குடிக்கத்தான் நாங்க கேன் வாங்கறோம். சோறாக்கறது, பசங்க குளிக்கறது எல்லாம் இதுலதாண்ணா நடந்துக்கினு இருக்குது."

சின்னவளுக்குக் கையெல்லாம் அரிப்பாம். முகூர்த்த சீசனில் தண்ணீர் சிவப்பாக வருமாம், மற்ற நாட்களில் பச்சை, சில சமயம் மயில் கழுத்து. எந்தக் கலர் புடவை ஓடுகிறது என்று மோட்டாரைப் போட்டாலே தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? சந்தின் கோடியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டறை இருக்கும் இடம் யாருடையது? எங்கள் சர்ச்சுடையது. சில வருஷங்களுக்கு முன்பு குத்தகைக்கு விட்டோம். சாயம் கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பின்பக்கம் குழி வெட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு சமாதானம். இப்போது மழையை நம்பி என்ன சொல்ல முடிகிறது? ஒரே நாளில் ஊரே மிதக்கிற மாதிரி கொட்டுகிறது, பிறகு மாதக்கணக்கில் ஆளையே காணோம். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. தண்ணீர் இறங்க இறங்க, வசதி உள்ளவர்கள் — என்னையும் சேர்த்துத்தான் — போரை இன்னும் ஆழமாகப் போட்டுக்கொண்டோம். எஸ்தர் வீட்டு போர் பழைய ஆழத்திலேயே, அந்தக் குழிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதற்குள் டீச்சரம்மா பஸ்ஸை விட்டுவிட்டு, மூச்சு வாங்க, நிஜ ரசத்தோடு வந்து சேர்ந்தார். பாத்திரத்தைக் கழுவ வேண்டும். இருக்கிற தண்ணீரை எங்கே கொட்டுவது? வாஷ்பேசினில் கொட்டினால் அது கடைசியில் யார் வீட்டுப் போருக்குப் போகுமோ? வாசலில் மரக்கன்றுகள் இருந்தன. அதில் ஊற்ற மனசு வரவில்லை. எஸ்தர் காலி பாட்டிலை நீட்டினார். திரும்ப அதிலேயே ஊற்றிக் கொடுத்தேன். பூசணிக்கும் பப்பாளிக்கும் நடுவில் அவர் அதைக் கொண்டுபோய் வைத்தார்.

பாஸ்டர் பூமியைக் காப்பது பற்றி நன்றாகவே பேசினார். பாட்டிலை யாரும் கவனிக்கவில்லை. ஆராதனை முடிந்து ஒருவர் மட்டும் வந்து, அது ரோஸ் சர்பத்தா என்று கேட்டார்.

அன்றைக்கே கமிட்டி கூடியது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குத்தகை அடுத்த மாதம் முடிகிறது, சாயத் தண்ணீருக்கு வழி செய்தால்தான் புதுப்பிக்க வேண்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பட்டறைக்காரர் நல்ல மனுஷர் என்றார் ஒருவர். உண்மைதான். அவரை நம்பிப் பத்துக் குடும்பம் இருக்கிறது என்றார் இன்னொருவர். அதுவும் உண்மைதான். கடைசியில் மூத்தவர் ஒருவர் முடித்துவைத்தார்: "ஜெபத்துல வைப்போம்பா."

எங்கள் கமிட்டியைத் தெரியாதவர்களுக்கு — இங்கே ஜெபத்தில் வைத்த விஷயங்கள் ஏராளம். கரகரக்கும் மைக், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவு... எல்லாம் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. இதெல்லாம் தெரிந்தும் என்ன செய்தேன்? எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன்.

இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். நிறம் இல்லை. இன்றைக்கு இல்லை.

சமையலுக்காவது, ஆழமாகப் போட்ட சர்ச் போரிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை எஸ்தர் குடத்தோடு வந்தார், சின்னவளும் கூட வந்தாள். அவள் கையைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முழங்கை வரை சொறிந்து சொறிந்து தோல் தடித்திருந்தது.

குடம் நிரம்பியதும் எஸ்தர் குழாயை மூடினார். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "ஜெபத்துல எவ்ளோ நாளுண்ணா வெப்பீங்க?"

ஆண்டவரிடம் விட்டுவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

குத்தகைப் பத்திரத்தின் அடியில் இருப்பது ஆண்டவர் கையெழுத்து இல்லையே... என்னுடையது.