ஆடியில் கட்டிய வள்ளம்

மணவாளக்குறிச்சி தங்கப்பன் கடையில், மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் வள்ளம் கட்டுவதற்கான பிசினும் கண்ணாடி நார்ப் பாயும் விற்பார்கள். அவர் மகள் சபிதா அந்தப் பிசின் நெடியிலேயே வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து, அதே பிசினில்தான் ஆராய்ச்சியும் செய்தாள். என்ன பொருத்தம் பாருங்கள்!

நாரும் பிசினும் ஒட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவள் வேலை தொடங்கும். அங்கிருந்து ஒரு பாய், ஒரு பலகை, முழு வள்ளம் என்று ஏறவேண்டும். எல்லாப் படியையும் முழுதாகக் கணக்கிட ஓர் ஆயுள் போதாது. அதனால் கீழ்ப்படியின் முடிவுகளைக் கணினிக்குப் பழக்கி, மேல்படியை அதையே ஊகிக்க வைத்தாள். எந்த வள்ளம் எத்தனை வருடம் தாங்கும் என்று அது சொல்லும். சோதித்த பலகைகளில் எல்லாம் சரியாகவே சொன்னது.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த கடியப்பட்டணம் விக்டோரியா ஒருநாள் வந்தாள்.

“ஏட்டி சபிதா, எனக்க மாப்பிளக்க வள்ளத்துக்கு ஆறு வருசம் ஆச்சு. விக்கணுமா, வச்சுக்கிடலாமா? உனக்க மெஷின்ட்ட கேட்டுச் சொல்லு.”

சபிதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். “இன்னும் நாலு வருசம் தாங்கும். தைரியமாப் போவச் சொல்லு.”

அந்த ஆவணியிலேயே நடுக்கடலில் வள்ளத்தின் அடிப்பகுதி நீளவாக்கில் பிளந்தது. கூடப் போன இருவர் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். விக்டோரியாவின் கணவன் சேசடிமை மூன்றாம் நாள் பிணமாக ஒதுங்கினான்.

ஒதுங்கிய வள்ளத் துண்டைச் சபிதா மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பிசின் முழுக்க மயிரிழை விரிசல். பிசினை இறுக வைக்கும் ஹார்டனர் அளவுக்கு மீறிப் போயிருந்தது; அது கூடினால் பிசின் நொறுங்கும்.

அது அவளுக்குத் தெரியாத சங்கதி அல்ல. இந்தக் கரையில் ஆடி மழைக்காலம்; கடல்தொழில் இராது. வள்ளம் கட்டுவதும் அப்போதுதான். ஈரத்தில் பிசின் சீக்கிரம் இறுகாது என்று பட்டறைக்காரர்கள் ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவார்கள். அளவு பாட்டில் மூடிதான். “அண்ணாச்சி, ஆடி மாசம்லா, ரெண்டு மூடி கூட வேணும்” என்று கேட்டு வாங்கிப் போவார்கள். பள்ளிக்கூட நாளில் அந்தப் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்ததே சபிதாதான். ஆனால் கணினிக்குப் பாடம் சொன்னபோது, மாசி வெயிலில், டப்பாவில் அச்சடித்த அளவுப்படி செய்த பலகைகளை மட்டுமே கொடுத்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாள், பாவி! அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேசடிமை இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

“போய்ச் சொல்லி என்ன ஆவப்போவுது மக்கா?” என்றார் தங்கப்பன். சேசடிமையின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவள் விக்டோரியா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

விக்டோரியா அழவில்லை.

“பாவத்த எறக்கி வைக்க வந்தியா? எறக்கியாச்சுல்லா.”

சபிதா திரும்பிப் போக ஓர் அடி வைத்தாள். விக்டோரியா விடவில்லை.

“எனக்க தம்பி இண்ணைக்கு வெளுப்பான்காலமே கடலுக்குப் போயிருக்கான். அவன் போற வள்ளமும் ஆடியில கட்டினதுதான். அது எத்தன வருசம் தாங்கும்? இப்பம் சொல்லு.”

சபிதா கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருந்த வள்ளங்களைப் பார்த்தாள். அத்தனையும் ஆடியில் கட்டியவை.

விக்டோரியா கதவைச் சாத்தவில்லை. பதிலுக்காக அப்படியே நின்றாள்.