கேமராவைப் பார்க்காதீங்க

ஒன்றரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் இறுகக் கட்டி, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு எழில்மொழி வரப்பில் நடக்கிறாள். மூச்சை அடக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, பூனை மாதிரி. வரப்பு முடிந்ததும் நின்று, இடுப்பை மட்டும் மெல்லத் திருப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கிறாள். பை ஆடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில் இதை ஏதோ வேண்டுதல் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

வேண்டுதல் இல்லை, படிப்பு. திருச்சியில் சினிமா, டி.வி. எடுக்கிற படிப்பில் எம்.ஏ. இரண்டாம் வருடம். துறையில் இருப்பது இரண்டே கேமரா, மாணவர்கள் இருபத்திரண்டு பேர். முறை வருகிற வரைக்கும் அரிசிதான் கேமரா. எதிர்வீட்டுக்காரி என்பதால் நான் அத்தை. சீரியல் ஓடும்போது வாசலில் நின்று, "இஞ்ச வெட்டிருக்கக் கூடாதுத்தே, அந்தம்மா இன்னும் அழுது முடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்கப்புறம் எனக்கு அழுகை வந்தால்தானே.

அவள் அப்பா இராஜாங்கம் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். இவள் ஒன்பதாவது படிக்கும்போது போனவர், நடுவில் ஒரே ஒரு தடவை வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். "அப்பா கொரல் காதுலயே இருக்குத்தே. நடைதான் மறந்துபோச்சு" என்று ஒருநாள் அரிசியைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

இந்த ஐப்பசியில் அவள் முறை வந்தது. இரண்டு நாளைக்குக் கேமரா, கேசட் ஒன்றே ஒன்று. நடவைப் படம் எடுக்க வேண்டும். பேச்சு கூடாது, யாரும் கேமராவைப் பார்க்கவும் கூடாது. பட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை.

எங்கள் ஊரில் நடக்கிற காரியமா அது? இங்கே வீடியோ என்றால் கல்யாண வீடியோ. அந்தக் கேசட் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகும். அதனால் கேமராவைக் கண்டால் தூரத்தில் இருக்கிறவர்களை நலம் விசாரித்தே எல்லோருக்கும் பழக்கம். ஆரோக்கியம் நாற்று முடியும் கையுமாக நிமிர்ந்து, துபாயில் இருக்கிற மகனிடம், "லியோ, நேரத்துக்கு சாப்புடுறியாப்பா? ஏன் எளைச்சுட்ட?" என்றாள். பக்கத்தில் நின்றவள் சும்மா விடுவாளா? நட வந்த எட்டுப் பேரும் வரிசையாகப் பேசினார்கள். "கேமராவப் பாக்காதீங்க, பாக்காதீங்க" என்று எழில்மொழிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் அம்மா அம்சவல்லியிடம் கெஞ்சினாள். "நீயாவது குனிஞ்சு நடும்மா."

"குனிஞ்சா எம் மொகம் அவருக்கு எப்புடித் தெரியும்?" அம்சவல்லி முந்தானையால் கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க. இதுதான் நீங்க பணம் அனுப்பி வாங்குன வயலு. கூலிக்கு நடல, நமக்கு நடுறேன். நீங்க இன்னும் கண்ணால பாக்கல. ஒருதடவ வந்து இந்த வரப்புல நடந்துட்டுப் போங்க. எழிலு, அப்பாவுக்குக் காட்டுடி. அந்த வாய்க்கா வரைக்கும் காட்டு."

எழில்மொழி ஒரு நொடி தயங்கினாள். பிறகு மூச்சை அடக்கி, இடுப்பை மட்டும் திருப்பி, வரப்பின் ஓரமாகவே வாய்க்கால் வரைக்கும் காட்டினாள். கை ஆடவே இல்லை.

அத்தோடு கேசட் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. கால் வயல்தான் பாக்கி. விடிந்தால் கேமரா திருச்சிக்குப் போயாக வேண்டும். பெண்களுக்கும் பேச்சு தீர்ந்து, ஒரே வரிசையாகக் குனிந்து நட ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. அவளுக்கு வேண்டிய படம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டி, பேசியதன் மேலேயே இதை எடுத்துவிட்டால் போதும்.

"எடுத்துடு எழிலு. நட்டு முடிச்சுருவாங்க" என்றேன்.

அவள் கேசட்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் முதுகில் ஒரு சின்ன விசை இருப்பதை முன்பே எனக்குக் காட்டியிருக்கிறாள். அதைத் தள்ளிவிட்டால் அந்தக் கேசட்டின்மேல் வேறு எதையும் எடுக்க முடியாது. வயலை ஒருமுறை பார்த்தாள். சேற்று விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, நகத்தால் அந்த விசையைத் தள்ளினாள்.