மகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு

என் மூத்த மகளுக்கு மொத்தம் நான்கு சொற்கள் தெரியும். நான்கும் மலாய்ச் சொற்கள். வேண்டும், வேண்டாம், முடிந்தது என்று சொல்ல மூன்று. நான்காவது 'சிக்கு'. மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அரசாங்கப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து அவள் சேர்த்தது அவ்வளவுதான். வீட்டில் நாங்கள் பேசிய தமிழில் ஒன்றுகூட அவள் வாய்க்கு வரவில்லை. சோறு ஊட்டும்போது என்னையும் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் அழுதிருக்கிறேன். பிறகு, ஏதோ ஒன்று சொல்லிக் கூப்பிடுகிறாளே, அது போதும் என்றாகிவிட்டது.

இரண்டரை வயதில் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுதப்போவதில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயதாகிப் பள்ளி முடிந்ததிலிருந்து சொல்கிறேன். ஏனென்றால் அதுவரை எங்களுக்கு ஒரு நாள் என்பது இருந்தது. காலை ஆறே முக்காலுக்குப் பாச்சாங்கில் எங்கள் வீட்டு வாசலில் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவளை ஏற்றிவிட்டு நான் ஒரு தொழிற்சாலை கேண்டினுக்குச் சமைக்கப் போவேன். அவள் திரும்பி வருவதற்குள் நானும் வந்துவிடுவேன். என் கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூரில்தான்.

கடைசி நாளன்று ஆசிரியை அவள் வரைந்த படங்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தார். "இனி என்ன செய்வது?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர்களான பிள்ளைகளை வைத்துப் பயிற்சி கொடுக்கும் ஓர் இல்லம் டவுனில் இருந்தது. அங்கே போனேன். தானாகக் கழிப்பறைக்குப் போவாளா, மாதவிலக்கு நாட்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பெயரை எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்று வரை கூப்பிடவில்லை.

புதிய பள்ளி ஆண்டு தொடங்கிய காலையில், எங்கள் வீட்டு வரிசையிலேயே இருக்கும் இன்னொரு பிள்ளையை ஏற்ற வேன் வந்தது. நான் ஒளித்து வைத்திருந்த சீருடையை என் மகள் எப்படியோ தேடி எடுத்து, பொத்தான்களை மாற்றி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேன்காரரும் தமிழர்தான், வயதானவர். பழக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"பள்ளி முடிஞ்சிருச்சுண்ணே அவளுக்கு," என்றேன்.

அவருக்கும் தெரியும். "ஒரு ரவுண்டு ஏத்திக்கிட்டுப் போயிக் கொண்டாந்து விடட்டாம்மா?"

"வேணாம்ண்ணே. நாளைக்கும் கேப்பா."

மறுநாளிலிருந்து அவர் பின் சந்து வழியாக, ஹாரன் அடிக்காமல் வந்து அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார். எங்களுக்காகத்தான் செய்தார். ஆனால் அவள் நிற்பதை நிறுத்தவில்லை. வெயில் ஏறும் வரை வாசலிலேயே நிற்பாள். உள்ளே இழுத்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள்.

நான் கேண்டினில் லீவு சொல்லிவிட்டு வீட்டில்தான் இருந்தேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். மோட்டார் சைக்கிளில் சந்து சந்தாகத் தேடினேன். பெரிய சாலையின் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஒரு மணி நேரம் கழித்து ஆசிரியை போன் செய்தார். அவள் பள்ளி கேட்டுக்கு வெளியே நிற்கிறாளாம். வேனில் போன வழியைப் பிடித்து அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியை கேட்டுக்கு வெளியே தரையில் அவளோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்றுதான் என்னிடம் எல்லாரும் சொன்னார்கள். தான் எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அங்கே அவளுக்கு இடம்தான் இல்லை.

அன்றைக்கே கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். கேண்டின் வேலையையும் விட்டேன்.

என் அண்ணன் லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்து அங்கேயே குடியிருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "அடைச்சு வச்சா இன்னும் மோசமாயிரும்லா. ஒரு மாசம் எங்க வீட்டுல இருக்கட்டும். எடம் இருக்கு, நடக்கட்டும், ஓடட்டும்," என்றார். கேண்டினில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். நான் சரி என்றேன். வேலைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரு மாதம் தூங்க வேண்டும் போலிருந்தது.

பதினோராவது நாள் சொல்லாமல் போய் நின்றேன். அவள் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு சால்வையின் ஒரு முனை அவள் கணுக்காலில் கட்டியிருந்தது. மறுமுனை ஜன்னல் கம்பியில். என்னைப் பார்த்துவிட்டு அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"என்னா அண்ணி இது? மாடா அவ?"

அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். மறைக்கப் பார்க்கவில்லை. "கத்தாத. ரெண்டு தடவ கொளத்துக்கு ஓடிட்டா. ரெண்டாவது தடவ இடுப்பளவு தண்ணில நின்னா. எனக்கு நீச்சல் தெரியாது. ஒங்க அண்ணன் வேலைக்குப் போயிருவாரு. நான் ஒருத்தியா என்னா செய்றது, நீயே சொல்லு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணினா வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவ. போயி? நீ அங்க கேட்டப் பூட்டாமயா வச்சிருந்த?"

அண்ணிதான் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கணுக்காலில் காயம் எதுவும் இல்லை. உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார். அந்தப் பஞ்சைப் பார்த்த பிறகு அவளுடைய துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்து அண்ணி போன் செய்தால் நான் எடுப்பதில்லை. கோபத்தினால் இல்லை. அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுவிடுவாரோ என்றுதான்.

தோட்டத்திலிருந்து வந்த பிறகு அவள் வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கையைக் கடிப்பதும் இல்லை. பார்க்க வருகிறவர்கள், "இப்ப எவ்வளவோ அமைதியாயிட்டாளே," என்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல செய்தி. அந்த நான்கு சொற்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியாகப் போனது 'சிக்கு'. எந்த நாளில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கூப்பிடாமல் நான் ஊட்டிக்கொண்டிருப்பதை ஒரு நாள் மதியம் கவனித்தேன்.

போன மாதம் என்னை டாக்டரிடம் அனுப்பி வைத்தது என் சின்ன மகள்தான். இடைநிலைப் பள்ளியில் கடைசி வருடம், ஐந்தாம் படிவம் படிக்கிறாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும், ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மூத்தவளைக் குளிப்பாட்டித் தூக்கி நிறுத்துவது நான் ஒருத்திதான். அப்பா தூக்கினால் அலறுகிறாள்.

"நான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு அக்காவப் பாத்துக்கிறேம்மா," என்றாள் சின்னவள்.

"பரீட்சை வருது. ஒன் வேலையப் பாரு."

"அப்ப எப்பதாம்மா ஆப்பரேஷன்?"

அவள் இந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது, அவள் எனக்குப் பிறகு அக்காவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வருடங்களையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பேசுகிறாள் என்று தெரிந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த முகம் வரக் கூடாது. அதை நான்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து தேதி கேட்டு இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.