கார்டு நம்பரில் போட்ட இன்டெக்ஸ்

மாலை நான்கு பத்துக்கு முதல் போன் வந்தது. மாரமங்கலத்திலிருந்து ஒரு அம்மா.

"ஏனுங்க, உங்க ஆப்பு சுத்திக்கிட்டே இருக்குதுங்க. உள்ள உக்காந்து காப்பிக்கொட்ட பொறுக்குதுங்களா?"

மாரமங்கலம் சாலையில் மரம் விழுந்து ஒரு பள்ளி வேன் சிக்கியிருந்தது. எந்த வேன் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் மிஷினில் கார்டு வைப்பார்கள்; பதிவானதும் மிஷின் ஒருமுறை கத்தும். அந்தப் பதிவைப் பெற்றோருக்குக் காட்டும் செயலியை எழுதியவள் நான். என் மகளும் ஒரு வேனில் வந்துகொண்டிருந்தாள்.

தவறு என்னுடையதுதான். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் கார்டு நம்பரைத் தேடுவார்கள் என்று நினைத்து, அந்த நம்பருக்கு மட்டும், புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு போல, இன்டெக்ஸ் போட்டிருந்தேன். மலையூர்களில் அப்படி யாரும் தேடுவதில்லை. சிக்னல் கிடைக்கும் ஒருவர் ஊர்ப்பெயரைப் போட்டு, ஊரின் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துச் சொல்வார். ஊர்ப்பெயருக்கு இன்டெக்ஸ் இல்லாததால், ஒவ்வொரு தேடலும் இத்தனை வருடப் பதிவுகளையும் முதலிலிருந்து படித்தது. அன்று எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் தேடின. அந்த நெரிசலில் என் மகளுக்கான தேடலும் நகரவில்லை. டிரைவருக்கு அடித்தேன்; லைன் கிடைக்கவில்லை. அதற்குள் அடுத்த போன், அதற்கடுத்த போன்.

ஊரும் நேரமும் சேர்ந்த ஓர் இன்டெக்ஸ் கட்டினால் போதும். பதிவுகள் நிற்காமல் கட்ட ஒரு வழி உண்டு, ஆனால் மெதுவானது. எனக்குப் பொறுமை இல்லை. கட்டி முடியும்வரை புதிய பதிவு எதுவும் உள்ளே போகாது என்று தெரிந்தே வேகமான வழியில் கட்டினேன். சில நிமிடங்கள்தானே.

முடிந்தது. தேடிய பதிவு கண் இமைப்பதற்குள் வந்தது. என் மகள் ஏறிய நேரம் இருந்தது. இறங்கிய நேரம் காலி.

அந்தக் காலிக் கட்டத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். இன்றும் நான்கு மணியானால் கால் தானாக வாசலுக்குப் போகிறது.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. பஸ் ஸ்டாப் பேக்கரிக்கார பாய். குடைக்குள் என் மகள், கையில் பன்.

"ஏனுங்கம்மா, உங்க போனு எந்நேரமும் பிசிங்களே! மழைக்குப் பாப்பா நம்ம கடையிலதான் நின்னுச்சுங்க."

மகள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"ரெண்டு தடவ கார்டு வச்சேம்மா. மிஷின் கத்தவே இல்ல."