அண்ணன் மென்ற சிறுகுறிஞ்சான்

முதுகலை வேதியியலில் என் ஆய்வு சிறுகுறிஞ்சான் இலையைப் பற்றியது. ஓரிக்கைப் பக்கம் வேலியில் படர்ந்து கிடந்த கொடியைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து, அதிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுக்க நாயாய் உழைத்தேன். படிக்க வைத்தவர் அண்ணன். பட்டுத்தறிக் குழியில் கால்களைத் தொங்கவிட்டு அவர் மிதித்த மிதியில்தான் எனக்குப் பட்டம் வந்தது.

அந்த அமிலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மண்ணைத் தின்ற மாதிரி இருக்கும். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அது போய் அடைத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் விலகிவிடும், அவ்வளவுதான் விஷயம். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து காட்டினேன். அண்ணி தூவென்று துப்பினார். அண்ணன் கைதட்டிச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, மாயமா இருக்குது! என் சுகருக்கு இது கேக்குமா?"

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எலிக்குக் குடுத்துப் பாத்தோம்ணா, ரத்தத்துல சர்க்கரை நல்லாவே எறங்குச்சு" என்று அளந்தேன். எலிக்குக் கொடுத்தது பச்சை இலை அல்ல, வடித்துச் சுண்டவைத்த சாறு. அந்தக் கணக்குக்கு அண்ணன் எத்தனை இலை தின்ன வேண்டும், தின்றால் ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் எனக்கே தெரியாது. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் 'மேலும் ஆய்வு தேவை' என்று அழகாக எழுதியிருந்தேன். பேராசிரியருக்கு எழுதியதை அண்ணனிடம் சொல்லத் தோன்றவில்லையே, பாவி!

பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அண்ணன் அந்தக் கொடியைக் கொல்லையில் நட்டு வளர்த்தார். தினமும் காலையில் இரண்டு இலையை மெல்லுவார், ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்ப்பார். மண்ணாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம்! கோயில் சர்க்கரைப் பொங்கலையும் இலையை மென்றுவிட்டே சாப்பிட்டார். நாக்குக்குத் தெரியாத இனிப்பு உடம்பில் மட்டும் எப்படி ஏறும் என்பது அவர் கணக்கு. ரத்தப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தினார், மாத்திரையையும் நிறுத்தினார்.

"உன் இலை நல்லா வேலை செய்யுதும்மா" என்று போனில் சொல்வார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். 'மாத்திரை போடுறீங்களாண்ணா' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

மிதிபலகையில் இருந்த சிராய் ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறியது. கால் ஏற்கெனவே மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. நாள் முழுக்கக் குழிக்குள் இருக்கும் காலை வேறு யார் பார்ப்பார்கள்? நாற்றம் வந்த பிறகுதான் அண்ணி பார்த்தார். ஆஸ்பத்திரியில் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள்.

நான் போய் இறங்கியபோது அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "படிச்சவ பேச்சக் கேட்டுக்கினு மாத்திரைய வுட்டாரு. இப்ப தறியில யாரு ஒக்காருவா?"

அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் அவர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீங்க பாத்தது நாக்கத்தாண்ணா, ரத்தத்த இல்ல. ரெண்டு இலை மாத்திரைக்கு ஈடாகாது. எலிக்குக் குடுத்தது சுண்டவச்ச சாறு. அது அப்பவே எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"சும்மா இரும்மா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உன் இலை மேல தப்பு இல்ல. பொங்கலுக்கு நாலு நாளு மெல்லாம வுட்டுட்டேன், அதான் இப்புடி ஆயிடுச்சு."

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அண்ணி கொல்லையில இருந்த கொடிய வேரோட புடுங்கிப் போட்டுட்டா. ஓரிக்கையில இன்னும் இருக்குமில்ல? அவளுக்குத் தெரியாம ரெண்டு கொத்து பறிச்சினு வாம்மா. இன்னொரு காலயாவது காப்பாத்திக்கிறேன்."